குச்சிக்கிழங்கு நுனியில் பழுப்பு மணிகள்: மருந்து அடிக்கட்டுமா, குளவிக்கு விடட்டுமா?

ஆத்தூர் குச்சிக்காடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை ஏக்கர்ல குச்சி, அதான் மரவள்ளி, போட்டிருக்கேன். தாய்லாந்து வெள்ளை ரகம், சொட்டுநீர், நட்டு நாலு மாசம் ஆகுது. போன மாசம் வரைக்கும் பயிர் நல்லாத்தான் இருந்துச்சு. மழையே இல்லாத இந்த இருபது நாள்ல நுனி எல்லாம் சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி குவிஞ்சு போச்சு. கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, தண்டு கோணிக்கிட்டு வளருது. சுருட்டைப் பிரிச்சா வெள்ளை மாவு. மாவுப்பூச்சின்னு தெரியும், அதுல சந்தேகம் இல்லை.

சந்தேகம் வேற. இன்னைக்குக் காலைல பார்க்கறப்ப மாவுக்கு நடுவுல பழுப்பு நிறத்துல கெட்டியா மணிகள் ஒட்டியிருந்துச்சு. கேழ்வரகைவிடக் கொஞ்சம் நீளம். நகத்தால அழுத்தினா மொறுக்குன்னு உடையுது. சிலது உள்ள காலி, ஒரு முனையில வட்டமா ஓட்டை. நுனியை ஒடிச்சு மருந்துக்கடைக்குக் கொண்டுபோனேன். "பூச்சியோட முட்டைக்கூடு, நாளைக்கே அடிச்சிடுங்க"ன்னு ரெண்டு டப்பா எடுத்து வெச்சுட்டார். பக்கத்துக் காட்டுக்காரரோ "குளவி விட்டிருக்காங்க, அதோட வேலையா இருக்கும்"ங்கிறார். குளவின்னா எனக்குத் தெரிஞ்சது கூரையில மண்கூடு கட்டுறது மட்டும்தான்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. காசு கொடுத்து வாங்கின டப்பா திண்ணையில உட்கார்ந்திருக்கு.

---

பூச்சிப்பெட்டி

அண்ணா, டப்பா திண்ணையிலேயே இருக்கட்டும். இன்னைக்கு அடிக்காதீங்க.

நீங்க பார்த்தது முட்டைக்கூடு இல்லை, செத்த மாவுப்பூச்சியோட தோல். உள்ளே ஒரு குளவிப்புழு வளர்ந்து, அந்தப் பூச்சியை உள்ளேயிருந்தே தின்னு முடிச்சு, அந்தத் தோலையே கூடாக்கிக்கிட்டு கூட்டுப்புழுவா இருக்கும். பூச்சியியல்ல இதை "மம்மி"ன்னு சொல்வோம். ஓட்டை இல்லாத மணிக்குள்ள பெரும்பாலும் குளவி இன்னும் இருக்கு. வட்ட ஓட்டை இருந்தா அது வெளியேறி உங்க காட்டுலயேதான் திரியுது. மருந்து அடிச்சா முதல்ல சாகுறது அந்தக் குளவிதான். சுருட்டுக்குள்ள மெழுகைப் போர்த்திக்கிட்டு இருக்கிற மாவுப்பூச்சிக்கு மருந்து பாதிதான் போய்ச் சேரும்.

ஒரு சின்னச் சோதனை பண்ணிச் சொல்லுங்க. உயிரோட இருக்கிற மாவுப்பூச்சி ஒண்ணை வெள்ளைக் காகிதத்துல வெச்சு நசுக்கிப் பாருங்க. என்ன நிறம் வருது?

---

ஆத்தூர் குச்சிக்காடு

நசுக்கிப் பார்த்தேன்மா. வெளிர் ரோஸ். மஞ்சள் இல்லை. மாவைத் துடைச்சுட்டுப் பார்த்தாலும் உடம்பு ரோஸ் நிறம்தான்.

---

நாமக்கல் மணல்வாரி

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இந்தக் குளவிப் பேச்சை நம்பி நான் ஒரு வருசம் நஷ்டப்பட்டவன். எங்க பக்கத்துல குளவி விட்டாங்க, எங்க காட்டுலயும் மம்மி பார்த்தேன், காத்திருந்தேன். பூச்சி குறையவே இல்லை. கடைசியில வெட்டினப்ப கிழங்கு விரல் தடிமன். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில பாயிண்ட், அதாவது மாவுச்சத்து அளவு, பார்த்தப்ப எனக்கு வாய் பேச வரலை. நாலு மாசப் பயிர்ல நுனி போச்சுன்னா இனிமே அது தேறாது. ஆத்தூர்க்காரர் அடிச்சுக் காப்பாத்திக்கட்டும். குளவி வேலை செய்யும்னு சொல்றவங்க, செய்யாமப் போன எடத்துக்கும் காரணம் சொல்லணும்.

---

பூச்சிப்பெட்டி

நாமக்கல் அண்ணா, நியாயமான கேள்வி. காரணம் இருக்கு, வர்றேன். முதல்ல ஆத்தூர் அண்ணனுக்கு அவர் காட்டுல நடக்கறதைச் சொல்லிடறேன். அது புரிஞ்சாத்தான் உங்களுக்கு ஏன் நடக்கலைங்கறதும் புரியும்.

ரோஸ் நிறம்னா அது மரவள்ளி மாவுப்பூச்சி, ஃபீனகாக்கஸ் மேனிஹோட்டி. இதுல ஆணே கிடையாது. எல்லாம் பெண், எல்லாம் தாய். ஒண்ணு நானூறு முட்டைக்கு மேல வைக்கும், எல்லாத்துலயும் திரும்பப் பெண்ணே பொரியும். காட்டுல ஒரே ஒரு பூச்சி ஏறினாலும் போதும்கறது அதனாலதான். சாறு உறிஞ்சறப்ப அதோட எச்சில்ல இருக்கிற நஞ்சு நுனி வளர்ச்சியைக் குலைக்கும். முட்டைக்கோஸ் மாதிரி குவியறது அதனால. கோடையில பெருகும், பெருமழை அடிச்சா கழுவிட்டுப் போயிடும்.

உங்க மணிக்குள்ள இருக்கிறது அனாகைரஸ் லோபெஸி. நீளம் ரெண்டு மில்லிமீட்டர்கூட வராது, மனுசனைக் கொட்டாது. பெண் குளவிக்கு உணர்கொம்புல கறுப்பும் வெள்ளையும் மாறி இருக்கும். ஆண் இன்னும் சின்னது, உணர்கொம்புல மயிர் இருக்கும்.

இது எப்படித் தேடி வருதுன்னு பாருங்க. மாவுப்பூச்சி தாக்கின மரவள்ளிச் செடிக்கு, தாக்காத செடிக்கு இல்லாத ஒரு வாசனை உண்டு. குளவிக்கு முதல்ல எட்டறது அதுதான். செடியில இறங்கினதும் மெழுகையும் உடம்பையும் உணர்கொம்பால தட்டித் தட்டிப் பார்க்கும். மாவுப்பூச்சியோட உடம்பு மேல இருக்கிற ஒரு வேதிப்பொருள்தான் "இதுதான் நம்ம பூச்சி"ன்னு அதுக்குச் சொல்லுது. உறுதியானதும் திரும்பி நின்னு, பின்பக்கமா முட்டைக்குழாயைச் செருகி, ஒரு பூச்சிக்கு ஒரு முட்டை வைக்கும். ஒரு மாவுப்பூச்சிக்குள்ள ஒரு குளவிதான் வளர முடியும்.

எல்லாப் பூச்சியிலயும் முட்டை வைக்காது. சிலதைக் குத்தி, காயத்துல கசியற திரவத்தைக் குடிக்கும். தன்னோட முட்டைகளுக்கான புரதம் அதுல இருந்துதான் வருது. அந்தப் பூச்சியும் பெரும்பாலும் செத்துப்போகும். மம்மியை மட்டும் எண்ணினா குளவி கொன்ன கணக்கு முழுசா வராது.

மாவுப்பூச்சியும் சும்மா இருக்கறதில்லை. உள்ளே விழுந்த முட்டையைச் சுத்தித் தன் இரத்த அணுக்களைச் சேர்த்து, கறுப்பா உறை போட்டு மூச்சுத் திணற வைக்கப் பார்க்கும். வெளியே உடம்புல கறுப்புப் புள்ளி தெரிஞ்சா அந்தச் சண்டையோட அடையாளம். இந்தக் குளவி அதையும் மீறி வளர்றது நிறைய.

முட்டை வெச்சதுல இருந்து வெளிய வர வெயில் காலத்துல ரெண்டு வாரத்துக்கு மேல, மூணு வாரத்துக்குள்ள ஆகும். மாவுப்பூச்சி ஒரு தலைமுறை முடிக்க ஒரு மாசம். உங்க நம்பிக்கை இந்த வித்தியாசத்துல இருக்கு.

---

மல்பெரி தோட்டம்

கோபிச்செட்டிபாளையம் பக்கம், பட்டுப்புழு வளர்க்கிறோம். 2008க்கு அப்புறம் வந்த மாவுப்பூச்சியில மல்பெரி, பப்பாளி, செம்பருத்தி, குச்சி எல்லாம் வெள்ளை வெளேர்னு போனதை நாங்க கண்ணால பார்த்தோம். வீட்டுச் சுவர்ல கூட ஊர்ந்துச்சு. மல்பெரிக்கு மருந்து அடிச்சா புழு சாகும், அடிக்கலைன்னா இலை கிடையாது. அப்போ 2010ல வெளிநாட்டுலேர்ந்து குளவி கொண்டுவந்து விட்டாங்க, அடுத்த வருசமே பூச்சி தேட வேண்டியிருந்துச்சு. அதே குளவி இங்க இருக்கும்போது இதுக்குப் புதுசா எதுக்கு ஒரு குளவி?

இன்னொரு பயமும் இருக்கு. வெளிநாட்டுக் குளவியை வரிசையா இறக்கறாங்களே, நாளைக்குப் பட்டுப்புழு மேலயோ தேனீ மேலயோ கை வெச்சா?

---

பூச்சிப்பெட்டி

அக்கா, நீங்க சொல்றது பப்பாளி மாவுப்பூச்சி, பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். நசுக்கினா மஞ்சள். ஆல்கஹால்ல போட்டா கருநீலமா மாறும். அதுக்குக் கொண்டுவந்தது புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூணு வகைக் குளவி. அதுல முக்கியமா வேலை செஞ்சது அசெரோஃபேகஸ் பப்பாயே. அதை ரோஸ் மாவுப்பூச்சி கிட்ட விட்டீங்கன்னா பிரயோசனம் இல்லை. நான் ஆத்தூர் அண்ணனை நசுக்கிப் பார்க்கச் சொன்னது அதுக்குத்தான். குச்சிக்காட்டுல ரெண்டு மாவுப்பூச்சியும் வரும், ரெண்டுக்கும் குளவி வேற வேற.

உங்க பயத்துக்குப் பதிலும் அதுக்குள்ளேயே இருக்கு. இவ்வளவு நெருங்கின சொந்தத்துலயே மாத்திக்காத குளவி, புழுவையும் தேனீயையும் தேடிப் போகாது. அதோட உடம்பு ஒரு மாவுப்பூச்சியோட அளவுக்கும் இரத்தத்துக்கும் ஏத்த மாதிரி அமைஞ்சது. சும்மா கொண்டுவந்து விட்டுடறதும் இல்லை, தனிமைப்படுத்தி வெச்சு மத்த பூச்சிகள் மேல சோதிச்ச பிறகுதான் வெளிய விட அனுமதி.

---

கரணை

நான் பூச்சி படிச்சவன் இல்லை. மரவள்ளியோட வரலாறு தேடிப் படிக்கிறவன். இந்தக் குளவி ஆத்தூர் வரைக்கும் வந்து சேர்ந்த வழி பெருசு. சொல்லாமப் போக மனசு வரலை.

மரவள்ளியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. ஆப்பிரிக்காவுக்குப் போய் நூற்றாண்டுகள் ஆகியும் அதன் பழைய எதிரிகளில் பல கூடவே போகவில்லை. 1970களின் தொடக்கத்தில் காங்கோ படுகையில் இந்த மாவுப்பூச்சி திடீரென்று முளைத்தது. அங்கே மரவள்ளி வியாபாரப் பயிர் இல்லை, மூன்று வேளைச் சோறு. கிழங்கும் போச்சு, கீரையாகச் சமைக்கும் இலையும் போச்சு, அடுத்த நடவுக்குக் குச்சியும் போச்சு. ஆண்டுக்கு ஆண்டு நாடு தாண்டிப் பரவியது.

பூச்சியின் சொந்த ஊரில் அதன் எதிரி இருக்கும் என்று தேடிப் போனார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது. பார்க்க அதே மாதிரி. அதிலிருந்து எடுத்த குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் வேலை செய்யவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது வேறு இனம். அந்த இனத்தில் ஆண் உண்டு, ஆப்பிரிக்காவில் இருப்பதில் ஆண் இல்லை. தேடிய இடமே தப்பு. 1981இல் பராகுவேயில்தான் உண்மையான ரோஸ் மாவுப்பூச்சி அகப்பட்டது. அதற்குள்ளே இருந்தது அனாகைரஸ் லோபெஸி. அர்ஜென்டினாவிலிருந்து 1964லேயே பெயர் வைக்கப்பட்டு, யாரும் பொருட்படுத்தாமல் கிடந்த குளவி.

லண்டனில் தனிமைப்படுத்தி, நைஜீரியாவின் இபாதானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு இறுதியிலேயே வயலில் விட்டார்கள். மூன்று ஆண்டுக்குள் நைஜீரியாவின் தென்மேற்கில் 2 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் தானாகவே பரவியது. ரெண்டு மில்லிமீட்டர் பூச்சி. பிறகு விமானத்திலிருந்தும் விட்டார்கள். திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

2008இல் பூச்சி தாய்லாந்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து குளவியை வரவழைத்தார்கள். 2020இல் நம் பக்கம், திருச்சூரில். அங்கிருந்து சேலம், நாமக்கல், தர்மபுரி. பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அதே பெனினிலிருந்து குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. ஆத்தூர் அண்ணன் காட்டிலிருந்து ஏத்தாப்பூர் எவ்வளவு தூரம்?

---

ஆத்தூர் குச்சிக்காடு

வண்டியில அரை மணி நேரம் ஆகாதுங்க. படிச்சுட்டு ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் ஒரு நுனியைப் பார்த்துட்டு வந்தேன்.

---

நாமக்கல் மணல்வாரி

வரலாறு நல்லா இருக்கு. என் கேள்வி அப்படியே நிக்குது. எனக்கு ஏன் நடக்கலை?

---

பூச்சிப்பெட்டி

அண்ணா, உங்க பேர்லயே பதில் இருக்குன்னு தோணுது. மண் எப்படி? மணலா? தொழு உரம் போட்டு எத்தனை வருசம் ஆச்சு?

---

நாமக்கல் மணல்வாரி

மணல்தான். மானாவாரி. ஆடு மாடு வித்து ஆறு வருசம் ஆச்சு, அதுல இருந்து தொழு உரம் இல்லை. அதுக்கும் குளவிக்கும் என்ன சம்பந்தம்?

---

பூச்சிப்பெட்டி

இந்த இழையிலேயே முக்கியமான இடம் இதுதான்னு நினைக்கிறேன். பொறுமையாப் படிங்க அண்ணா.

தேனீ, எறும்பு மாதிரியே குளவியிலயும் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். முட்டை வைக்கிற நேரத்துல எது வேணும்னு தாய்க்குளவியே முடிவு பண்ணும். எதை வெச்சு? எதிர்ல இருக்கிற மாவுப்பூச்சியோட அளவை வெச்சு. பெருசா இருந்தா உள்ளே சாப்பாடு நிறைய இருக்குன்னு பெண் முட்டை வைக்கும். சின்னதா இருந்தா ஆண் முட்டை. ஆண் சின்ன உடம்போட வெளிய வந்தாலும் அதோட வேலை நடந்துடும். பெண்ணுக்கு உடம்பு வேணும், முட்டை சுமக்கணும்.

இப்போ உங்க மணல் காட்டை நினைச்சுப் பாருங்க. சத்து இல்லாத செடி. அதுல சாறு உறிஞ்சற மாவுப்பூச்சியும் நோஞ்சானா, சின்னதாவே இருக்கும். குளவி வரும், தட்டிப் பார்க்கும், ஆண் முட்டையா வெச்சுட்டுப் போகும். மம்மி உங்க கண்ணுக்குத் தெரியும். ஆனா அதுக்குள்ளேர்ந்து வர்றது பெரும்பாலும் ஆண். ஆண் குளவி மாவுப்பூச்சியைக் குத்தாது. அடுத்த தலைமுறைக்குத் தாய் இல்லாமப் போயிடுது.

மேற்கு ஆப்பிரிக்காவுல இதே நடந்துச்சு. எல்லாக் காட்டுலயும் பூச்சி அடங்கினப்ப, மணல் பாங்கான, சத்து உறிஞ்சப்பட்ட தோட்டங்கள்ல மட்டும் அடங்கலை. அந்த மாதிரி மண்ணுல மூடாக்கும் (மண்ணை மூடித் தழை பரப்பறது) உரமும் போட்டுப் பார்த்தாங்க. செடி தெம்பாச்சு, மாவுப்பூச்சி பெருசாச்சு, பெண் குளவி கூடுச்சு, அப்புறம் பூச்சி குறைஞ்சுது. பூச்சிக்குச் சத்து போகுதேன்னு நாம பயப்படறோம். குளவிக்குப் பெண் குழந்தை பிறக்கணும்னா அந்தச் சத்து வேணும்.

உங்ககிட்டக் குளவி தோத்ததுக்கு நீங்க காரணம்னு நான் சொல்லலை. மானாவாரி மணல்ல எருவும் மூடாக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்கணும். குளவியை மட்டும் விட்டுட்டுப் போனது பாதி வேலைதான்.

---

நாமக்கல் மணல்வாரி

நாலு வருசமா இந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். இப்படி ஒரு பதில் யாரும் சொன்னதில்லை. காட்டைச் சுத்தி வேலியில கிளுவை இருக்கு, தழை வெட்டிப் போடலாம். எறும்பு? எங்க காட்டுல செடிக்குச் செடி எறும்பு ஏறும்.

---

பூச்சிப்பெட்டி

எறும்பு அடுத்த காரணம். மாவுப்பூச்சி விடற தேன்கழிவுக்காக எறும்பு காவல் நிக்கும், குளவியை முட்டை வைக்க விடாது. செடி மேல எறும்பு வரிசை இருக்கிற இடத்துல மம்மி குறைவா இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்க.

எல்லாருக்கும் இன்னொண்ணு. சுருட்டுல அரை அங்குல நீளத்துல, கொத்துக் கொத்தா வெள்ளை மெழுகு தொங்க, வேகமா நடக்கிற ஒண்ணைப் பார்த்தா "பெரிய மாவுப்பூச்சி"ன்னு நசுக்கிடாதீங்க. அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டோட புழு. மாவுப்பூச்சியைத் தின்ன, அதே வேசத்துல திரியுது. மாவுப்பூச்சி இவ்வளவு வேகமா நடக்காது.

---

மல்பெரி தோட்டம்

ஐயோ, அதை நாங்க நிறைய நசுக்கியிருக்கோம்.

---

ஆத்தூர் குச்சிக்காடு

பத்தொன்பது நாள் கழிச்சு வர்றேன். நடந்ததைச் சொல்றேன்.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்துட்டேன். கடைக்காரர் வாங்கிக்கிட்டார். ஓட்டை இல்லாத மணி இருக்கிற நுனியா ஒடிச்சு, ஊறுகாய் பாட்டில்ல போட்டு, வேட்டித் துணியால வாயைக் கட்டி, துணியில தேன் ஒரு சொட்டு தடவி சாமி அலமாரியில வெச்சேன். ஆறாம் நாள் காலைல கண்ணாடியில ஏதோ ஊர்ந்துச்சு. பையனோட பள்ளிக்கூட லென்ஸ்ல பார்த்தேன். கறுப்பு உடம்பு, உணர்கொம்புல வெள்ளை. நீங்க சொன்ன அதே பெண்.

அதைக் காட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சுருட்டு மேல விட்டுட்டு லென்ஸோட உட்கார்ந்துட்டேன். மாவு மேல ஏறி உணர்கொம்பால தட்டிக்கிட்டே நடந்துச்சு, கண்ணு தெரியாதவங்க கோலால தரையைத் தட்டற மாதிரி. சின்னதா ரெண்டு பூச்சியைத் தட்டிட்டு விட்டுடுச்சு. மூணாவது கொஞ்சம் பெருசு. அங்க நின்னு, திரும்பி, பின்னாலேயே போய்க் குத்துச்சு. மாவுப்பூச்சி பின்பக்கத்தைத் தூக்கி உதறுச்சு. குளவி அசையலை. அப்புறம் பக்கத்துல இன்னொண்ணைக் குத்திட்டு, திரும்பி வாயை வெச்சுக் குடிச்சுச்சு. முதுகு வலிக்கிற வரைக்கும் பார்த்தேன். முப்பது வருசமா குச்சி போடறேன், என் காட்டுக்குள்ள இப்படி ஒண்ணு நடக்குதுன்னு இப்பத்தான் தெரியுது.

இப்போ நுனியைப் பிரிச்சா ரோஸை விடப் பழுப்பு மணி அதிகமா இருக்கு. போன வாரம் ஒரு மழையும் வந்துச்சு, அதுக்கும் பங்கு உண்டு. கோணின தண்டு நேராகலை, ஆனா அது மேல புது இலை விரிஞ்சு வருது. விளைச்சல் கொஞ்சம் குறையும்னுதான் தோணுது.

நாமக்கல் அண்ணா, உங்களுக்கு நுனி ஒடிச்சுத் தரட்டுமா?

---

பூச்சிப்பெட்டி

நுனியாத் தராதீங்க அண்ணா, மாவுப்பூச்சியும் கூடவே போகும். அடுத்த நடவுக்குக் கரணை கொடுக்கிறப்பவும் இதே கவனம் வேணும், பூச்சி ஊர் ஊராப் போறதே விதைக்குச்சியிலதான். பாட்டில்ல வெளிவந்த குளவியை மட்டும் வேற பாட்டிலுக்கு மாத்திக் கொடுங்க. வெயில்ல வைக்காம, துணியில தேன் தடவி, அன்னைக்குச் சாயங்காலமே விட்டுடணும். நாமக்கல் அண்ணா அதுக்கு முன்னாடி மூடாக்கு போட்டுடுங்க.

---

நாமக்கல் மணல்வாரி

கிளுவைத் தழை பாதிக் காட்டுக்குப் போட்டாச்சு. பக்கத்து ஊர்ல ஆட்டுப்பட்டிக்காரர்கிட்ட ரெண்டு ராத்திரி கிடை போடப் பேசியிருக்கேன். வியாழக்கிழமை காலைல ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடறேன் தம்பி. பாட்டில் நானே கொண்டுவர்றேன்.